ஆர்பிட்டரில் ரெண்டேவூ (விண்கலச் சந்திப்பு): ஜே2 சுற்றுப்பாதைத் தளத்தை நகர்த்தும்போது என்ன செய்வது?

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் நின்று பன்னாட்டு விண்வெளி நிலையத்தைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்கு இது பழக்கம்: ஒரே திசையில் அது கடக்கும் நேரம் நாளுக்குச் சராசரியாக 24 நிமிடம் முந்திக்கொண்டே போகும். அதில் 4 நிமிடம் பூமி சூரியனைச் சுற்றுவதால் வருவது. மீதி 20 நிமிடத்துக்குக் காரணம் பூமியின் இடுப்புப் புடைப்பு. 51.6 டிகிரி சாய்ந்த அந்தச் சுற்றுப்பாதைத் தளத்தை அது தினமும் சுமார் 5 டிகிரி மேற்கே திருப்புகிறது. ஜே2 என்பது இதுதான்.

விண்பயண சிமுலேட்டரான ஆர்பிட்டரின் லாஞ்ச்பேடில் (தொடக்க அமைப்புச் சாளரத்தில்), கோளமற்ற ஈர்ப்புக்கான தேர்வை டிக் செய்தால் இந்த விளைவு வந்துவிடும். பலர் அதை அணைத்துவிட்டே டாக்கிங் (நிலையத்தோடு இணைவது) பழகுகிறார்கள். ஆரம்பத்துக்குப் பரவாயில்லை, அதிலேயே நின்றுவிடக் கூடாது. கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் விளையாட்டில் இந்தப் புடைப்பே கிடையாது. அதற்கு பிரின்சிபியா என்ற மோடைப் (கூடுதல் நிரலை) போட வேண்டும்.

தளம் திரும்புவது தனியாகச் சிக்கல் இல்லை. இரண்டு கப்பலும் ஒரே வேகத்தில் திரும்பினால் கவலையே வேண்டாம். ஆனால் நிலையம் 400 கி.மீ. உயரத்தில் நாளுக்கு 5.0 டிகிரி திரும்பும்போது, 200 கி.மீ.யில் துரத்தும் உங்கள் கப்பல் 5.55 டிகிரி திரும்புகிறது. இரண்டு நாள் கீழேயே காத்திருந்தால் கணு (பாதை நிலநடுக்கோட்டுத் தளத்தைக் கடக்கும் புள்ளி) 1.1 டிகிரி விலகும். தளக் கோணமாகப் பார்த்தால் சுமார் 0.86 டிகிரி, அதைச் சரிசெய்ய நொடிக்கு 115 மீட்டர் டெல்டா-வி (எரிபொருளால் செய்யும் வேக மாற்றம்) போய்விடும். ஏவும்போது தளம் கச்சிதமாகப் பொருந்தியிருந்ததே என்று குழம்புவது இங்கேதான்.

தேவனாம்பட்டினத்துப் படகு நீரோட்டத்தைப் பார்த்து முன்கூட்டியே தள்ளிக் குறி வைப்பதுபோல, விலகலை ஏவும்போதே எதிர்த்திசையில் கொடுத்துவிடுங்கள். கீழே இருப்பது வேகமாக மேற்கே நகரும், ஆகவே உங்கள் கணு கிழக்கே தள்ளித் தொடங்க வேண்டும். பூமி மணிக்கு 15 டிகிரி கிழக்கே சுழல்வதால், 200 கி.மீ.யில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 2.2 நிமிடம் தாமதமாக ஏவினால் போதும். அல்லது காத்திருப்பையே குறைக்கலாம். முன்பெல்லாம் இரண்டு நாள் எடுத்துக்கொண்ட சோயுஸ், 2013-இல் ஆறு மணி நேரத்திலும் 2020-இல் மூன்று மணி நேரத்திலும் போய்ச் சேர்ந்தது. அவ்வளவு குறைந்த நேரத்தில் தளம் பெரிதாக விலகாது.

அடுத்தது, எம்எஃப்டி (கப்பலின் கருவித்திரை) காட்டும் எண்கள். அவை அந்தக் கணத்துக்கு மட்டுமே உரியவை. ஜே2 இருக்கும்போது நிலையத்தின் அரைப்பேரச்சு (நீள்வட்டப் பாதையின் நீள விட்டத்தில் பாதி) ஒரே சுற்றுக்குள் ஏறத்தாழ 6 கி.மீ. கூடிக் குறையும். அதனால் திரையில் தெரியும் சுற்றுக்காலம் 7 நொடி வரை இப்படியும் அப்படியும் ஆடும். நொடிக்கு 7.67 கி.மீ. வேகத்தில் 7 நொடி என்றால் 50 கி.மீ.க்கு மேல். நிலையம் நிலநடுக்கோட்டைக் கடக்கும்போது அதன் எண்ணையும், நீங்கள் வடகோடியில் இருக்கும்போது உங்கள் எண்ணையும் எடுத்து ஒப்பிட்டால் சந்திப்புக் கணக்கு இதைப்போல் இரண்டு மடங்கு வரை பிசகும். இரண்டையும் அந்தந்தக் கப்பல் ஏறுகணுவில் (தெற்கிலிருந்து வடக்கே நிலநடுக்கோட்டைக் கடக்கும் இடத்தில்) இருக்கும்போதே எடுங்கள். சந்திப்பு நேரத்தைக் கணிக்கும் சின்க் ஆர்பிட் திரையின் கணிப்பையும் சுற்றுக்கு ஒருமுறை அதே இடத்தில் பாருங்கள்; நடுவில் எண் ஆடுகிறதே என்று த்ரஸ்டரைத் தொட வேண்டாம். மையப்பிறழ்வைப் (பாதை வட்டத்திலிருந்து விலகும் அளவைப்) பூஜ்யமாக்கவும் முயல வேண்டாம். இந்த ஈர்ப்பில் சுத்தமான வட்டப்பாதை நிற்காது, எரிபொருள்தான் வீணாகும்.

தளத்தை முழுசாகச் சரிசெய்வதைக் கடைசிக்கு வையுங்கள். உயரத்தை ஏற்றி முடித்தபின், தளங்கள் திரும்பும் வேக வித்தியாசம் மறைந்துவிடும். அப்போது மீதமுள்ள 0.1 டிகிரியை, இரு தளமும் வெட்டிக்கொள்ளும் அடுத்த கணுவில் நொடிக்கு 13 மீட்டரில் தீர்த்துவிடலாம். ஏற்றுவதற்கு முன்பே சரிசெய்தால் அது மறுபடியும் விலகும், இரண்டாம் முறையும் செலவு.

சில கி.மீ.க்குள் வந்த பிறகு ஜே2-வை மறந்துவிடலாம், அங்கே உயர வித்தியாசம்தான் எல்லாம். நிலையத்துக்கு 1 கி.மீ. கீழே வட்டப்பாதையில் இருந்தால் சுற்றுக்கு 9.4 கி.மீ. முன்னே ஓடுவீர்கள். 100 மீட்டர் கீழே என்றால் 940 மீட்டர். டைம் அக்சிலரேஷனை (சிமுலேட்டரில் நேரத்தை வேகப்படுத்துவதை) 10 மடங்குக்கு மேல் ஏற்றாமல், அந்த ஓட்டத்தையே பயன்படுத்தி நெருங்குங்கள்.