வறட்சி மாத வாய்க்கால் குறிப்புகள் – ஊத்தான் மெலிந்தாங், பேரா, மலேசியா

ஜூன் 16

இந்த மாதம் மழை பேருக்குத்தான். செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) மாதம் 100 மில்லிமீட்டராவது வேண்டும். அண்ணாந்து நடுக்குருத்தைப் பாருங்கள். விரியாத குருத்து ஒன்றிரண்டு இருந்தால் கவலையில்லை. நாலைந்து ஈட்டிபோல நின்றால் வேருக்குத் தண்ணீர் எட்டவில்லை. விளைச்சலில் அடி உடனே விழாது. பூ ஆணா பெண்ணா என்று முடிவாகும் சமயத்தில் தண்ணீர் தட்டினால் ஆண்பூ கூடிவிடும். குலை குறைவது ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரியும். அப்போது பழி உரத்தின் மேல் விழும்.

ஜூன் 20

கடலோரக் களிமண்ணில் சில இடங்களில் அடியில் கந்தக மண் படிந்திருக்கிறது. தண்ணீருக்குள் கிடக்கும்வரை அதனால் தொல்லையில்லை. நீர்மட்டம் இறங்கிக் காற்றுப் பட்டால் அமிலமாகும், பிஎச் (புளிப்பு அளவு; குறையக் குறைய அமிலம் கூடும்) 3.5க்குக் கீழே போய் வேர் கருகும். தோண்டிய மண்ணில் வைக்கோல் மஞ்சளில் திட்டுகள் தெரிந்தால் அதுதான்.

நீர்மட்டம் பார்க்க 2 அங்குல பிவிசி குழாய் போதும். நீளம் ஒன்றரை மீட்டர். கீழ் ஒரு மீட்டருக்குத் துளை போட்டு, வலைத்துணி சுற்றி, 30 செ.மீ. வெளியே தெரிய நட்டு மூடி போடுங்கள். மரவரிசைக்கு நடுவே நட வேண்டும். வாய்க்காலை ஒட்டி நட்டால் வாய்க்கால் மட்டத்தைத்தான் காட்டும். குச்சி விட்டு அளந்த பிறகு வெளியே நிற்கும் 30 செ.மீ.யைக் கழிக்க மறப்பவர்கள் நிறைய. தரையிலிருந்து 50-60 செ.மீ. ஆழத்தில் தண்ணீர் நின்றால் நல்லது.

ஜூன் 27

நீர்மட்டம் இறங்காமலிருக்க வாய்க்காலில் மூட்டைத் தடுப்பு வைக்கும் வேலை. வாய்க்கால் நெடுக நீர்மட்டம் 20 செ.மீ. இறங்கும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒன்று. சாக்கில் களிமண்ணையே அடைக்கவும். மணல் என்றால் ஒழுகும். இரு கரையையும் வெட்டி மூட்டையை உள்ளே செருகாவிட்டால் முதல் பெருமழையிலேயே தண்ணீர் பக்கவாட்டில் கரையை அறுத்துக்கொண்டு ஓடும். நடுவில் ஒரு மூட்டை தாழ்வாக இருக்கட்டும், மிச்சத் தண்ணீர் வழிய. பக்கத்து நிலத்துக்காரரையும் சேர்த்துக் கோத்தோங் ரோயோங் (ஊர் கூடிச் செய்யும் வேலை) போட்டுச் செய்வதே சரி. அவர் திறந்துவிட்டால் நம் தடுப்பு வீண்.

ஜூலை 12

யூரியா வேண்டாம். மழையில்லாத சமயத்தில் நிறையவே காற்றோடு போய்விடும். மட்டை கழிப்பதையும் குறைக்கவும். பச்சை மட்டையை வெட்டினால் மரம் இன்னும் தளரும். ஆலையிலிருந்து காலிக்குலை (பழம் உதிர்த்தெடுத்த வெறும் குலை) கிடைத்தால் வரிசைக்கு நடுவே பரப்பலாம், ஈரம் நிற்கும். ஒரே அடுக்குதான்! குவித்தால் உள்ளே காண்டாமிருக வண்டு முட்டையிடும்.

ஆகஸ்ட் 3

ஒரு வாய்க்காலில் தண்ணீர் கண்ணாடிபோல் தெளிந்து அடிமண் தெரிகிறது. சந்தோஷப்பட ஒன்றுமில்லை. அமிலத்தில் கரைந்து வந்த அலுமினியம் கலங்கலைத் திரட்டி அடியில் படிய வைத்துவிட்டது. ஓரத்தில் துருநிறப் படலமும் இருக்கிறது. பிஎச் தாளை நனைத்துப் பார்க்கவும்.

அக்டோபர் 9

நல்ல மழை. முதல் தண்ணீரைச் சேமிக்கக் கூடாது. வறட்சியில் ஊறிய அமிலம் அதில்தான் வருகிறது. தடுப்பைத் திறந்து, கடல் வற்றும் நேரத்தில் மதகு வழியே வெளியேற்றவும். கடல் ஏறுமுன் மதகை மூடாவிட்டால் உப்புத் தண்ணீர் உள்ளே வரும். இரண்டு மூன்று மழைக்குக் கழுவிவிட்டு மூட்டைகளைத் திரும்ப அடுக்கலாம். மண் ஈரம் பிடித்தபின் உரம்.