மயாமியில் என்னை ‘மக்களே’ என்றார்கள்

தம்பி வீட்டு லிஃப்டில் ஏறிய முதல் நாளே ஒரு பாட்டி என்னிடம் ஏதோ கேட்டார். இரண்டு கையிலும் பை. ஒன்றிலிருந்து வாழைக்காய் எட்டிப் பார்த்தது. புரியவில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் அதே கேள்வியை இன்னும் நிதானமாக, இன்னும் சத்தமாக, அதே ஸ்பானிஷில் கேட்டார். எனக்குக் காது மந்தம் என்று நினைத்திருப்பார். கடைசியில் முழங்கையாலேயே ஏழாம் எண்ணை அமுக்கிவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். ஏழை அமுக்கு என்றுதான் கேட்டிருக்கிறார். இது கூடவா தெரியவில்லை!

மயாமியில் எட்டு வாரம் இருந்தேன். நாகர்கோவில்காரிக்கு அங்கே வெயிலும் மரங்களும் புதிதில்லை. அதே புழுக்கம், மதியம் தாண்டினால் கொட்டித் தீர்க்கும் மழை, தென்னை, கொல்லையில் மா. என் முகமும் அங்கே புதிதில்லை என்பதுதான் சங்கடமாகப் போயிற்று. கொலம்பியாவா, டொமினிகன் குடியரசா என்று மட்டும்தான் அவர்களுக்குச் சந்தேகம்; ஸ்பானிஷ் பேசுவேனா என்பதில் சந்தேகமே இல்லை. முப்பது வருஷம் வங்கியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவள், அமெரிக்காவுக்கு அது தாராளம் என்று விமானம் ஏறியவள் நான். காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் ஒருவரும் என்னிடம் ஆங்கிலத்தில் பேச்சைத் தொடங்கவில்லை.

மயாமி-டேட் கவுன்டியில், அதாவது நம்மூர் மாவட்டம் மாதிரி ஒன்றில், பத்துப் பேரில் கிட்டத்தட்ட ஏழு பேர் லத்தீன் அமெரிக்க வழி வந்தவர்கள். ஒட்டினாற்போல் இருக்கும் ஹயலீயாவில் மற்றவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1959 புரட்சிக்குப் பிறகு வந்த கியூபர்கள் சில மாதத்தில் திரும்பிவிடலாம் என்றுதான் வந்தார்களாம். ஊர் நடுவே மஞ்சளாக நிற்கும் ஃப்ரீடம் டவரைத் தம்பி காட்டினான். 1925-இல் ஒரு செய்தித்தாளுக்காகக் கட்டிய கட்டடம். 1962 முதல் 1974 வரை அகதிகளுக்குப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, உதவி எல்லாம் அங்கேதான். கியூபர்கள் அதை ‘எல் ரெஃபூஹியோ’, அதாவது அடைக்கலம் என்றே சொல்கிறார்கள். பிள்ளைகள் ஊர் திரும்பும்போது மொழி மறந்திருக்கக் கூடாது என்ற கவலையும் சேர்ந்து, 1963-இல் கோரல் வே தொடக்கப் பள்ளியில் இரண்டு மொழியிலும் பாடம் ஆரம்பித்தார்கள். ஊர் திரும்புவது நடக்கவில்லை. பள்ளி இன்னும் நடக்கிறது.

1980-இல் கியூபாவின் மரியல் துறைமுகத்திலிருந்து சில மாதங்களுக்குள் ஏறத்தாழ 1,25,000 பேர் படகுகளில் வந்து இறங்கினார்கள். அந்த நவம்பரிலேயே கவுன்டியில் வாக்கெடுப்பு: ஆங்கிலம் தவிர வேறு மொழிக்கு அரசுப் பணத்தில் ஒரு காசு செலவழிக்கக் கூடாது. நிறைவேறியது. 1993-இல் எடுத்தும் போட்டார்கள். அந்தப் பதின்மூன்று வருஷத்தில் நிகராகுவாக்காரர்களும் கொலம்பியர்களும் வந்து சேர்ந்து, ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் கூடித்தான் போனார்கள். சட்டம் போட்டு மொழியை அடக்குவது எந்த அழகில் முடியும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

என் வாத்தியார் தம்பி மகள்தான். ஒன்பது வயது. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம், விளையாட்டுத் திடலில் ஸ்பானிஷ், வீட்டில் அரைகுறைத் தமிழ். “அத்தை, மேஸான்னா என்ன சொல்லுங்க?” என்றாள். மேசைதான். அலமாரியைக் கேட்டால் ‘அர்மாரியோ’ என்கிறாள். போர்ச்சுகீசியர் நம் கரையில் இறக்கிவிட்டுப் போன சொற்களின் சித்தப்பா மக்கள் இவை என்று சொன்னேன். அவளுக்கு அது அத்தனை பெரிய விஷயமாகப் படவில்லை. ‘பெரோ’ என்றால் ஆனால், ‘பெறோ’ என்றால் நாய் என்று அடுத்த பாடத்துக்குப் போய்விட்டாள். அதில்தான் எனக்கு முதல் மதிப்பெண். கரியையும் கறியையும் வேறு வேறாகச் சொல்லும் ஊரில் பிறந்தவளாயிற்றே! இரண்டையும் ஒன்றாக்கிவிட்ட சென்னை நண்பர்கள் மன்னிக்க வேண்டும். லிஃப்ட் பாட்டியிடம் நாயையும் ஆனாலையும் சொல்லிக் காட்டினேன். பையைத் தரையில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அந்தத் தெம்பில் காயே ஓச்சோவுக்குப் போனேன். எட்டாம் தெரு என்று அர்த்தம். அங்கே உணவகங்களின் பக்கச் சுவரில் ஒரு ஜன்னல் இருக்கும், ‘வெந்தனித்தா’ என்பார்கள். நம்மூர் டீக்கடைப் பெஞ்சுக்கு உள்ள எல்லா மகிமையும் அந்த ஜன்னலுக்கு உண்டு, பெஞ்சு ஒன்றுதான் கிடையாது. உள்ளே நின்ற பெண் ஒரு குவளையில் சர்க்கரையைக் கொட்டினார். மெஷினில் இறங்கிய காபியின் முதல் சொட்டுகளை மட்டும் அதில் விட்டுக் கரண்டியால் அடி அடியென்று அடித்தார். கரும்பழுப்பாக இருந்தது வெளுத்துக் குழைந்து, பாயசத்தில் போடும் வெல்லப்பாகு மாதிரி ஆனது. மீதிக் காபியை அதன் மேல் ஊற்றியதும் நுரை மேலே வந்து நின்றது. ஒரு தெர்மாக்கோல் கப், மேலே ஐந்தாறு குட்டிப் பிளாஸ்டிக் கிண்ணங்கள். மருந்து பாட்டில் மூடியை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். இதற்குப் பெயர் ‘கொலாதா’. ஒருத்தர் வாங்குவார், பக்கத்தில் நிற்கிறவர்களுக்கெல்லாம் ஊற்றுவார். முன்பின் தெரியாத ஒருவர் எனக்கும் ஊற்றினார். ஊற்றினால் பேச வேண்டும், ஓசிக் காபிக்கு விலை அதுதான்.

பேசினேன். பேசியதோடு நிற்காமல், ஜன்னலில் எழுதியிருந்த பழ மில்க்‌ஷேக்குகளைப் பார்த்து, எனக்கு ஒரு பப்பாயா என்று தெளிவாக, உரக்க, இலக்கணச் சுத்தமாகக் கேட்டேன். பேச்சு நின்றது. ஒருவர் காபியைத் துப்பாமல் இருக்கப் படாத பாடு பட்டார். உள்ளே இருந்த பெண் மட்டும் சிரிக்காமல், “ஃப்ரூத்தா போம்பா, மி அமோர்” என்று திருத்திவிட்டுப் பழத்தை வெட்டப் போனார். அதாவது வெடிகுண்டுப் பழம், என் அன்பே.

வீட்டுக்கு வந்து கேட்டால் தம்பி எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான். அவன் மனைவி காதோடு சொன்னாள். மற்ற நாட்டாருக்கு அது வெறும் பப்பாளி. கியூபர்களுக்கு மட்டும் பெண்ணுடம்பில் பொதுவிடத்தில் பேர் சொல்லக் கூடாத இடம். தம்பி பிசியோதெரபிஸ்ட். அவனுடைய ஸ்பானிஷ் கழுத்தில் தொடங்கிக் கணுக்காலில் முடியும். அவனுக்கா இது தெரிந்திருக்காது! முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

ஸ்பானிஷ் என்று ஒன்றாகச் சொல்கிறோமே தவிர, நாட்டுக்கு நாடு இப்படிக் கண்ணிவெடிகள். கியூபர்களுக்கு ‘குவாகுவா’ என்றால் பஸ், சிலிக்காரர்களுக்குக் கைக்குழந்தை. ‘குவாகுவாவில் ஏறி வேலைக்கு வந்தேன்’ என்று யாரோ சொன்னதை முதன்முதலில் கேட்டுத் திடுக்கிட்டதைத் தம்பியோடு வேலை பார்க்கும் சிலி நாட்டுப் பெண் இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள். மரியாதையும் அப்படியே. நமக்கு நீ, நீங்கள் இருப்பது போல அங்கே ‘தூ’, ‘உஸ்தெத்’. பொகோட்டாக்காரர்கள் வீட்டுக்குள்ளேயே உஸ்தெத் போடுவார்களாம். கியூபர்கள் மூன்றாவது வாக்கியத்தில் தூவுக்கு வந்துவிடுகிறார்கள். லிஃப்ட் பாட்டியை நான் ஒழுங்காக உஸ்தெத் என்றேன். “என்னைக் கிழவி ஆக்காதே” என்று கோபித்துக்கொண்டார். எண்பது வயதுக்குக் குறையாது.

தம்பி முதலில் வேலை தேடிய காலத்தில் ஒரு கிளினிக்கில் எல்லாம் பேசி முடித்துவிட்டு, கடைசிக் கேள்வியாக ஸ்பானிஷ் தெரியுமா என்றார்களாம். தெரியாது. வேலையும் கிடைக்கவில்லை. அந்த வருத்தம் அவனுக்குப் போய்விட்டது, அவன் மனைவிக்குப் போகவில்லை. ஒருநாள் எங்களை ஏற்றிச் சென்ற டாக்சிக்காரர் ஹெய்ட்டியிலிருந்து வந்தவர். தாய்மொழி கிரியோல், படித்தது பிரெஞ்சு, பிழைக்க ஆங்கிலம். பிறகு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஸ்பானிஷும் கற்றிருக்கிறார். “வேலை விளம்பரத்தில் இருமொழி தெரிந்தவர் தேவை என்று போடுவார்கள். என்னுடைய கிரியோல் அந்த இரண்டில் சேர்த்தி இல்லை” என்றார். கவுன்டியின் வாக்குச்சீட்டில் ஆங்கிலம், ஸ்பானிஷ், கிரியோல் மூன்றும் உண்டு. சம்பளப் பட்டியலுக்கு அந்தக் கணக்குப் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது. காபி ஜன்னலில் கிடைத்த சந்தோஷம் அன்று முழுக்கக் கொஞ்சம் உறுத்திக்கொண்டே இருந்தது.

ஸ்பானிஷே பேசாத பிள்ளைகளின் ஆங்கிலத்துக்குள்ளும் அது புகுந்துகொண்டிருக்கிறது. தம்பி மகளின் தோழி, அங்கேயே பிறந்தவள், கார் நின்றதும் “கெட் டவுன் ஃப்ரம் தி கார்” என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இதே வாக்கியத்துக்காகப் பள்ளிக்கூடத்தில் என் உள்ளங்கை சிவந்திருக்கிறது. நாம் ‘காரிலிருந்து இறங்கு’ என்பதைத் தூக்கி அப்படியே ஆங்கிலத்தில் போடுகிறோம். அவர்கள் ‘பஹார்ஸே தெல் கார்ரோ’வைத் தூக்கிப் போடுகிறார்கள். ஃப்ளோரிடா இன்டர்நேஷனல் பல்கலைக்கழகத்தில் மொழியியலாளர் பிலிப் கார்ட்டர் இதையெல்லாம் ஆராய்ந்து, மயாமியின் ஆங்கிலத்தைத் தனி வட்டார வழக்காகவே கணக்கில் எடுத்திருக்கிறார். என் டீச்சருக்கு யாராவது தெரிவித்தால் தேவலை.

ஆனால் நான் அந்த மொழியில் விழுந்தது ஒரே ஒரு சொல்லால். மருந்துக் கடையில், பேக்கரியில், தபால் வரிசையில், எல்லாரும் என்னை ‘மிஹா’ என்றார்கள். ‘மி இஹா’, என் மகளே. என்னைவிடப் பத்து வயது சின்னவள் கூட அப்படித்தான் கூப்பிட்டாள். எங்கள் பக்கம் ‘மக்களே’ என்போமே, அதே இழுப்பு, அதே உரிமை. பூங்காவில் ஒரு தாய் தன் நான்கு வயது மகளை ‘மாமி, வா’ என்று கூப்பிட்டாள். அப்பா மகனைப் ‘பாப்பி’ என்றார். பெற்ற மகளை ‘வாம்மா’ என்றும் மகனை ‘என்னப்பா’ என்றும் கூப்பிடும் இன்னொரு கூட்டம் இவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லவே இல்லை.

கிளம்புவதற்கு முந்தின நாள் கடையில் மரச்சீனிக் கிழங்கு வாங்கினேன். அங்கே அதற்கு ‘யூக்கா’ என்று பேர். வேகவைத்து, பூண்டும் புளிப்பு ஆரஞ்சுச் சாறும் எண்ணெயும் சேர்ந்த ‘மோஹோ’வை மேலே ஊற்றிச் சாப்பிடுகிறார்கள். நான் எங்கள் வீட்டு முறைப்படி தேங்காய், பச்சை மிளகாய், சீரகம் அரைத்துப் போட்டு மசித்து, ஒரு கிண்ணத்தில் ஏழாம் மாடிக்குக் கொண்டுபோனேன். லிஃப்டில் ஏழை நானே அமுக்கினேன்.

பாட்டி நின்றபடியே ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டார். கண்ணை மூடினார்.

“ரீக்கோ, மிஹா.” ருசியாக இருக்கிறதாம். இன்னொரு கரண்டி போனது. பிறகு ஒரு விரலைத் தூக்கினார்.

“பெரோ...”

நாய் இல்லை, ஆனால்தான். சந்தேகமே இல்லாமல் கேட்டது. “எங்கே பூண்டு?”