மணி போட்ட படகு

இலங்கை மலையகத்தில் எங்கள் காசல்ரீ அணையைக் கட்டி முடித்த 1965இல்தான் நானும் பிறந்தேன். அன்றிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனால் அதில் மிதக்கிற ஒன்றுக்கு வைத்தியம் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை. முப்பத்தொரு வருஷம் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற பிட்டராக இருந்தவன் நான். ரோலர், டிரையர், பேரிங் என்றால் சரி. படகு?

போன வருஷம் மே மாதம், மழை தொடங்கின கையோடு, பங்களா அப்பு வந்து நின்றார். "அண்ணே, தொரை கடற்கரைப் பக்கமிருந்து ஒரு பாய்ப்படகு வாங்கியாந்திருக்காரு. ஏறி உக்காந்தா கால் மணி நேரத்துல கணுக்கால் வரைக்கும் தண்ணி. ஒருக்கா வந்து பாருங்க." தொரை என்றால் தோட்டத்துத் தொரை இல்லை. பங்களாவை எடுத்து விருந்தினர் விடுதி நடத்துகிறவர். பழக்க தோஷத்தில் நாங்கள் அப்படித்தான் சொல்கிறோம்.

பதினான்கு அடி நீளப் பிளைவூட் படகு. வெறும் உடம்பே 130 கிலோவுக்கு மேல். பாயை விரித்தால் அதில் கறுப்பாக ஒரு மணி. என் மனைவி பார்த்துவிட்டு, கோயில் மணியா என்று கேட்டாள். தொரைதான் விளக்கினார்: இதற்கு ஜீ.பி. 14 என்று பெயர், ஜாக் ஹோல்ட் என்ற ஆங்கிலேயர் 1949இல் வரைந்த படகு, வேல்ஸில் அபர்டோவி என்ற ஊரின் மணி அது. சரி, வேல்ஸ் மணி.

படகுக்கு அடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற ஒரு நடுப்பலகை உண்டு. அது ஏறி இறங்குவதற்குப் படகின் நடுவில் ஒல்லியான ஒரு பெட்டி. படகை இரண்டு மரக்குதிரை மேல் ஏற்றி, உள்ளே நாலு அங்குலம் தண்ணீர் ஊற்றி, துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துவிட்டேன். அதற்கு மேல் ஊற்றினால் பாரம் தாங்காமல் அடி பிளந்துவிடும். அப்புறம் டார்ச் லைட்டோடு அடியில் படுத்துக்கொண்டேன். பெட்டியும், படகின் முதுகெலும்பு மாதிரி அடியில் நீளமாக ஓடுகிற அடிக்கட்டையும் சேருகிற மூட்டில், முன்பக்கமாக, இரண்டு இடத்தில் நீலச் சொட்டு. சாக்பீஸால் குறித்தேன். உலர்த்தி, மூட்டைச் சுரண்டி, எபொக்சி என்ற, இரண்டு திரவம் கலந்தால் இறுகுகிற பசையை வைத்து அடைத்தேன். வேலை முடிந்தது என்று காசும் வாங்கிவிட்டேன்.

மூன்று கிழமையில் அதே இடத்தில் மறுபடி தண்ணீர்.

வெட்கமாகப் போய்விட்டது. காரணத்தைக் காட்டிக்கொடுத்தவன் என் அக்கா மகன். பாய்மரத்தை இரண்டு பக்கமும் கம்பி இழுத்துப் பிடித்திருக்கும். கம்பியின் அடியில் வரிசையாகத் துளை போட்ட ஒரு தகடு. எந்தத் துளையில் ஊசியைப் போடுகிறோமோ, இறுக்கம் அதைப் பொறுத்தது. "மாமா, போன கிழமை மூணாவது ஓட்டையில போட்டு இறுக்கினேன். இன்னைக்குத் தொளதொளன்னு கிடக்கு" என்றான்.

எஃகுக் கம்பி ஒரு கிழமையில் அரை அங்குலம் நீளாது. அப்படியென்றால் படகின் விலா உள்ளே வந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாய்மரம் கீழே இறங்கியிருக்க வேண்டும். குறுக்கே நூல் பிடித்து அளந்தேன், கம்பியை இறுக்கினாலும் தளர்த்தினாலும் விலா அசையவில்லை. தொழிற்சாலையில் ஸ்குரூ டிரைவர் நுனியைப் பேரிங் கூட்டில் வைத்துப் பிடியைக் காதில் வைத்தால், உள்ளே குண்டு தேய்ந்திருக்கிறதா என்பது கேட்கும். அதே காதோடு சின்னச் சுத்தியல் பிடியால் அடிக்கட்டையைத் தட்டிக்கொண்டே வந்தேன். டக், டக், டக். அந்தக் கட்டையில் பாய்மரம் நிற்கிற குழிக்கு ஒரு முழம் பின்னாலேயே சத்தம் மாறிவிட்டது. பொத், பொத்.

பாய்மரத்தைக் கழற்றிக் குழிக்குள் ஸ்குரூ டிரைவரைக் குத்தினேன். இரண்டு அங்குலம் போனது. இழுத்தால் நுனியில் கறுப்பாக, வடிகட்டின தேயிலைச் சக்கை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. கட்டை இற்றுப்போய், காற்று பாயைத் தள்ளும்போதெல்லாம் பாய்மரம் அதற்குள் குத்தி இறங்கியிருக்கிறது. அடி வளைய வளைய, பெட்டியின் முன் மூட்டு வாய் பிளந்திருக்கிறது. நான் அடைத்தது அந்த வாயைத்தான்.

கடற்கரையில் அவ்வளவு காலம் நன்றாக இருந்த படகு இங்கே வந்தா கெட்டது என்று தொரைக்குச் சந்தேகம். கருவாடு ஏன் கெடுவதில்லை என்று திருப்பிக் கேட்டேன். மரத்தை இற்றுப்போக வைக்கிற பூஞ்சைக்கு உப்பு ஆகாது, மழைத்தண்ணீர்தான் விருந்து. கடற்கரையை விட்டு வந்தபின் யாரோ ஒரு தோட்டத்துக் கொட்டகையில் படங்கால், அதாவது தார்ப்பாயால், காற்றுப் போகாமல் இறுக்கிக் கட்டிப் பல மழைக்காலம் போட்டிருந்திருக்கிறார்கள். குழியில் தேங்கின தண்ணீர் அங்கேயே ஊறியிருக்கிறது. போதாக்குறைக்கு அடியில் யாரோ ரெசின் பசை பூசி பைபர் துணி ஒட்டியிருந்தார்கள். நகத்தால் இழுத்தேன், அப்பளம் மாதிரி உரிந்து வந்தது. ஈர மரத்தில் அந்த ரெசின் பிடிக்காது. உள்ளே போன ஈரத்தை வெளியே விடாமல் மூடி வைக்க மட்டும் உதவியிருக்கிறது.

முதலில் உலர்த்த வேண்டும். ஜூலை மாதம், நோர்வூட்டில்! கொழுந்து வாட்டுகிற மாடியில் ஒரு மூலை கிடைக்குமா என்று பழைய டீ மேக்கர் ஐயாவிடம் கேட்டேன். "கொழுந்து எந்த வாசத்தையும் இழுத்துக்கும். இத்தனை வருஷம் வேலை செஞ்ச நீங்களே இதக் கேக்கலாமா?" என்றார். கேட்டிருக்கக் கூடாதுதான். பங்களா கராஜில் படங்கைக் கூடாரமாகக் கட்டி, உள்ளே பல்பு போட்டு, கீழும் மேலும் காற்றுக்கு வழி விட்டு ஐந்து கிழமை காயவைத்தேன்.

வெட்டுவதற்கு முன் படகின் அடிவளைவுக்கு ஏற்றபடி மரத்தைச் செதுக்கி நாலு இடத்தில் முட்டுக் கொடுத்தேன். முதுகை வெட்டி எடுக்கும்போது படகு கோணிக்கொண்டால் பிறகு நிமிராது. இரண்டரை அடிக் கட்டையை எடுத்தேன், இற்ற இடத்தைத் தாண்டி நல்ல மரம் தெரிகிற வரைக்கும். புதுக்கட்டைக்கு ஹட்டன் மரக்காலையில் தேக்கு தருகிறேன் என்றார்கள். தேக்கில் எண்ணெய் உண்டு, ஒட்டுவதற்கு அடம்பிடிக்கும். மஹோகனி எடுத்தேன். பழைய கட்டையும் புதியதும் சேருகிற முனைகளை ஓர் அங்குலக் கனத்துக்கு எட்டு அங்குலச் சரிவாகச் சீவினேன். நேராக வெட்டி முட்ட வைத்தால் ஒட்டுக்குப் பிடிமானமே கிடையாது.

முதல் கலவை நாசம். குளிரில் எபொக்சி இறுக நேரமெடுக்கும் என்று தைரியமாக ஒரு யோகட் கப் நிறையக் கலந்து வைத்துவிட்டு, மருமகனிடம் கிளாம்பைப் பற்றி வியாக்கியானம் பண்ணிக்கொண்டிருந்தேன். மொத்தமாக இருந்தால் தன் சூட்டிலேயே கொதிக்கும். கப் உருகிப் புகை வந்தது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலந்தோம். கிளாம்பையும் அளவோடுதான் இறுக்கினோம், அதிகமானால் பசை முழுக்கப் பிதுங்கி மூட்டு வறண்டுவிடும். மறுநாள் மேலே மெழுகு மாதிரி ஒரு பிசுபிசுப்பு. இங்கத்தைய ஈரக்காற்று அப்படி. தண்ணீரால் கழுவித் துடைத்த பிறகுதான் அடுத்த பூச்சு.

பாய்மரக் குழியின் ஓரத்தில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஒரு வடிகால் வெட்டினேன். தொரை கேட்கவில்லை, நானாகச் செய்தேன்.

இந்த வருஷம் பெப்ரவரியில் தண்ணீரில் இறக்கினோம். மூன்றாவது ஓட்டையில் ஊசியைப் போட்டு, பக்கத்தில் மகளுடைய நகப்பூச்சால் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தேன். எனக்கு நீந்தத் தெரியாது, அதனால் கரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். ஒரு மணி நேரம் கழித்துத் திரும்பி வந்த மருமகன், "அடியில ஒரு கரண்டித் தண்ணி இருக்கு, அது என் கால் ஈரம் மாமா" என்றான். நம்பாமல் துடைத்துவிட்டு மறுபடி போகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பங்களாப் பக்கம் போகிறேன். அப்பு தேநீர் கொண்டுவருவதற்குள் கம்பியைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பேன். ஊசி இன்னும் சிவப்புப் புள்ளிக்குப் பக்கத்திலேயே நிற்கிறது.