கொரேஸ் 1-ஆம் தொகுதி: 1958 முதல் 2024 வரை ஒரே அட்டவணையில்

பிரான்சின் நடுப்பகுதியில், மக்கள்தொகை குறைந்த மலைப்பாங்கான மாவட்டம் கொரேஸ். மாவட்ட எண் 19, தலைநகர் த்யூல். ஜாக் சிராக், பிரான்சுவா ஒலாந்த் என இரண்டு குடியரசுத் தலைவர்கள் இங்கே எம்.பி.யாக இருந்தவர்கள். அதனால் இந்த ஊர்த் தேர்தல்களைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எழுதியதில் பாதி தப்பு. இருவரும் ஒரே தொகுதிக்காரர்கள் என்பதுதான் அதிகம் கண்ணில் படும் தப்பு.

1-ஆம் தொகுதியின் நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகளை ஒரே அட்டவணையாகத் தொகுக்கும்போது முதலில் போட வேண்டியது வாக்கு எண்ணிக்கை அல்ல, எல்லை. 1958-இல் ஐந்தாம் குடியரசு தொடங்கியபோது கொரேஸுக்கு மூன்று தொகுதிகள்: 1 த்யூல், 2 பிரீவ், 3 உசெல். 1986-இல் ஒரே ஒரு முறை மாவட்டம் முழுவதையும் ஒரே தொகுதியாக்கி, பட்டியலுக்கு ஓட்டுப் போட்டு விகிதாசாரப்படி இடங்களைப் பிரித்தார்கள். அந்த ஆண்டில் 1-ஆம் தொகுதி என்றே ஒன்று கிடையாது. 1988-இல் தொகுதிக்கு ஓர் உறுப்பினர் என்ற முறை திரும்பியது. 2010-இல் முடிந்த மறுவரையறையில் மூன்று இரண்டானது. 2012 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. உசெல் பக்கம் பெரும்பாலும் 1-இல் சேர்ந்தது.

ஆகவே 2007-இன் ‘1-ஆம் தொகுதி’யும் 2012-இன் ‘1-ஆம் தொகுதி’யும் வேறு வேறு நிலப்பரப்பு. இரண்டையும் ஒரே கோட்டில் இணைத்து வரைபடம் போட்டால் வரும் ஏற்ற இறக்கம் வாக்காளர் மனம் மாறியதாலா, வரைபடம் மாறியதாலா என்று பிரித்தறிய முடியாது. இதற்கு அட்டவணையில் ‘காலம்’ என்று ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்தாயிற்று: அ (1958–81), ஆ (1986), இ (1988–2007), ஈ (2012 முதல்). கோடு ஒவ்வொரு காலத்தின் முடிவிலும் அறுபட வேண்டும். எக்செல் தானாக அறுக்காது. இடையில் ஒரு காலி வரிசை விட வேண்டும்.

சிராக் 1967-இல் வென்றது 3-ஆம் தொகுதியான உசெலில். பிரான்சில் முதல் சுற்றில் யாரும் பெரும்பான்மை பெறாவிட்டால் இரண்டாம் சுற்று நடக்கும். முதல் சுற்றில் பிரான்சுவா மித்தரானின் அண்ணன் ரொபேர் மித்தரானும் நின்றார். இரண்டாம் சுற்றில் கம்யூனிஸ்ட் வேட்பாளரைச் சிராக் சில நூறு ஓட்டில்தான் தாண்டினார். 1981-இல் ஒலாந்த் முதன்முதலாக நின்றதும் அதே 3-இல், அதே சிராக்கை எதிர்த்து. நாடெங்கும் சோஷலிஸ்ட் அலை அடித்த அந்த ஜூனில் சிராக் முதல் சுற்றிலேயே முடித்துவிட்டார். இந்த வரிசைகள் எதுவும் 1-ஆம் தொகுதி அட்டவணைக்குள் வரக்கூடாது, உசெல் இன்று 1-இல் இருந்தாலும். ‘முந்தைய 3’ என்று தனித் தாளில் கிடக்கட்டும்.

எல்லையைச் சரிபார்ப்பதில் இன்னொரு பொறி உண்டு. தொகுதிக்குள் எவை அடங்கும் என்பதைச் சட்டம் கான்டன் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயர்களால் சொல்கிறது. அவை பழைய கான்டன்கள். 2015-இல் கான்டன்களை மாற்றி வரைந்தபோது கொரேஸில் 37 என்பது 19 ஆகச் சுருங்கியது. தொகுதி எல்லை அசையவில்லை. இன்றைய கான்டன் வரைபடத்தை எடுத்துத் தொகுதியை ஒட்டவைத்தால் ஓரத்து ஊர்கள் தவறான பக்கம் விழும். ஊர் அளவில் இறங்கி, ஒவ்வொரு கொம்யூனாக (ஊராட்சியாக) தொகுதி எண் கொடுப்பதே பாதுகாப்பு.

கொம்யூன்களும் நிலையாக நிற்பதில்லை. 2017 ஜனவரி 1-இல் அர்ஜன்தாவும் சேன்-பசீல்-த-லா-ரோஷும் இணைந்து அர்ஜன்தா-சுர்-தொர்தோஞ் ஆனது. பழைய ஆண்டுகளின் இரண்டு வரிசைகளைக் கூட்டி ஒன்றாக்கினால்தான் தொடர்ச்சி கிடைக்கும். கூட்ட வேண்டியது வாக்குகளை மட்டும். விழுக்காடுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் சிற்றூரும் பேரூரும் சம எடையாகிவிடும்.

அடுத்தது கோப்புகள். 1958 முதல் 2012 வரை தொகுதி அளவிலான எண்களைச் பாரிஸின் அரசியல் அறிவியல் பல்கலைக்கழகமான சியான்ஸ் போவின் தரவு மையம் வெளியிட்டிருக்கிறது. பிந்தையவை உள்துறை அமைச்சகத்தின் கோப்புகள். அரசின் திறந்த தரவுத் தளத்தில் உள்ளன. தசமத்துக்குக் காற்புள்ளி, பத்திகளைப் பிரிக்க அரைப்புள்ளி, எழுத்துக் குறியாக்கம் பெரும்பாலும் லத்தீன்-1. யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறந்தால் பெயர்களிலுள்ள உச்சரிப்புக் குறிகள் கேள்விக்குறிகளாகிவிடும். பிறகு பெயரை வைத்துப் பொருத்துவது நடக்காது.

இதைவிட மோசமானது பூஜ்யம். கொம்யூன் எண் ஐந்து இலக்கம்: த்யூல் 19272, உசெல் 19275, பிரீவ் 19031. அமைச்சகக் கோப்புகள் சிலவற்றில் மாவட்டம் ஒரு பத்தி, கொம்யூன் இன்னொரு பத்தி. நேரடியாக எக்செலில் திறந்தால் பிரீவின் 031 வெறும் 31 ஆகும். 19-உடன் ஒட்டினால் 1931; எதோடும் பொருந்தாது. த்யூலும் உசெலும் ஒழுங்காகப் பொருந்துவதால் பிழை இருப்பதே தெரியாது. எண் 100-க்குக் கீழே உள்ள ஊர்கள் மட்டும் சத்தமில்லாமல் உதிர்ந்திருக்கும். இறக்குமதி செய்யும்போதே இரண்டு பத்திகளையும் ‘உரை’ என்று அறிவித்துவிட்டால் தொல்லை இல்லை.

வேட்பாளர்களைக் கோப்பில் கிடைமட்டமாக அடுக்கியிருப்பார்கள்: பாலினம், பெயர், கட்சிக் குறி, வாக்கு, விழுக்காடு என்ற கொத்து அடுத்த வேட்பாளருக்கு வலப்பக்கம் திரும்ப வரும். சில ஆண்டுகளில் தலைப்பு முதல் கொத்துக்கு மட்டும்தான். தலைப்புள்ள பத்திகளை மட்டும் படிக்கும் நிரலுக்கு ஊருக்கு ஒரே வேட்பாளர்தான் தெரிவார். கொத்தின் அகலத்தை எண்ணி, நீளவாக்கில் மாற்றி, ‘ஒரு ஊர், ஒரு சுற்று, ஒரு வேட்பாளர் = ஒரு வரிசை’ என்று வைத்த பிறகுதான் வேலை ஓடுகிறது. சுற்றுக்கு 1, 2 என்று தனிப் பத்தி தேவை. ஆண்டும் மாதமும் போதும் என்று விட்டால் 1988-இல் இரண்டு சுற்றும் (ஜூன் 5, 12) ஒன்றாகக் கலக்கும்; 2024-இல் (ஜூன் 30, ஜூலை 7) இரண்டு தனித் தேர்தல்களாகப் பிரியும்.

ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று கூட்டல் சோதனை: பதிவு பெற்ற வாக்காளர் = வந்தவர் + வராதவர்; வந்தவர் = வெற்று + செல்லாதவை + செல்லுபடியானவை; செல்லுபடியானவை = வேட்பாளர் வாக்குகளின் கூட்டுத்தொகை. 2014-இல் வந்த சட்டத்துக்குப் பிறகே வெற்றுச் சீட்டுகளைத் தனியாக எண்ணுகிறார்கள். 2012 வரை இரண்டும் ஒரே பத்தி, 2017 முதல் இரண்டு. பழையதை இரண்டாகப் பிரிக்க வழியில்லை, புதியதைக் கூட்டிக்கொள்ளலாம்.

இரண்டாம் சுற்றுக்கான தகுதி விதியும் அட்டவணையில் இருந்தாக வேண்டும். 1958-இல் செல்லுபடியான வாக்கில் 5%. 1967 தேர்தல் முதல் பதிவு பெற்ற வாக்காளரில் 10%. 1976-இல் 12.5% ஆக்கினார்கள், 1978 பொதுத்தேர்தல் முதல் இன்றுவரை அதுதான். பகுதி எண் (எதில் எத்தனை விழுக்காடு என்பது) மாறியதைக் கவனிக்காதவர்களுக்கு மூன்று எண்களும் ஒரே அளவுகோல் போலத் தோன்றும். 2022-இல் நாட்டளவில் 47.5% பேர்தான் வந்தார்கள், 12.5 ÷ 47.5 போட்டால் வந்தவர்களில் 26% வேண்டும். 2024-இல் 66.7% வந்தார்கள், 19% போதும். முந்தையதில் மும்முனைக்கு (இரண்டாம் சுற்றில் மூவர் போட்டிக்கு) தகுதி பெற்ற தொகுதிகள் விரல் விட்டு எண்ணும் அளவு, பிந்தையதில் 300-க்கும் மேல். பலர் விலகிக்கொண்டார்கள், கொரேஸ் 1-இல் குடியரசுக் கட்சியின் (எல்.ஆர்.) பிரான்சிஸ் துபுவா விலகவில்லை. தீவிர வலதுசாரிக் கட்சியான தேசிய பேரணியின் வேட்பாளரும் அவரும் எதிரே நிற்க, ஒலாந்த் 43% சுமாரில் வென்றார். இதை 1988-இன் நேருக்கு நேர் வெற்றியோடு ஒப்பிட்டு ‘செல்வாக்குக் குறைந்தது’ என்று எழுதுவது கணக்குத் தெரியாதவர் வேலை.

முதல் சுற்றிலேயே வெல்லச் செல்லுபடியான வாக்கில் பாதிக்கு மேலும், பதிவு பெற்றவரில் 25%-உம் வேண்டும். அப்படி முடிந்த ஆண்டுகளில் இரண்டாம் சுற்று வரிசையே இருக்கக்கூடாது.

தேர்தல் பட்டியல் வேறு, உறுப்பினர் பட்டியல் வேறு. வேட்பாளரோடு ஒரு மாற்று உறுப்பினரும் சேர்ந்தே நிற்பார். உறுப்பினர் இறந்தாலோ அமைச்சரானாலோ மாற்று உறுப்பினர் உட்காருவார், தேர்தல் இல்லை. சாதாரணமாக ராஜினாமா செய்தால் இடைத்தேர்தல். ஆனால் அவையின் கடைசி 12 மாதங்களில் இடைத்தேர்தல் கிடையாது. 2012 மே மாதம் ஒலாந்த் குடியரசுத் தலைவரானதும் இடம் காலியாகவே கிடந்து, ஜூன் பொதுத்தேர்தலில் சோபி தெஸ்யு வந்தார். அவர் 2016-இல் இறந்தபோது மாற்று உறுப்பினர் அலேன் பலே வந்தார். அந்த ஆண்டில் தேர்தல் வரிசை தேடுவது வீண். 1976-இன் கதை வேறு: அன்றைய விதிப்படி அமைச்சர் பதவி போனாலும் பழைய இடம் தானாகத் திரும்பாது. பிரதமர் பதவியை விட்ட சிராக் நவம்பரில் 3-ஆம் தொகுதி இடைத்தேர்தலில் நின்றுதான் உள்ளே வந்தார். 2008 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பின் அந்தத் தொல்லை இல்லை.

1-ஆம் தொகுதியில் 1988-க்குப் பின் வென்றவர்கள்: 1988 ஒலாந்த், 1993 ரேமோன்-மாக்ஸ் ஒபேர், 1997, 2002, 2007 மறுபடி ஒலாந்த், 2012 தெஸ்யு, 2017 மக்ரோன் கட்சியின் கிறிஸ்தோஃப் ஜெரெத்தி, 2022 துபுவா, 2024 ஒலாந்த்.

கட்சிக் குறிக்கு இரண்டு பத்தி: அமைச்சகம் கொடுத்தது ஒன்று, தொகுப்பவர் கொடுக்கும் குடும்பம் ஒன்று. 2024-இல் இடதுசாரிக் கூட்டணிக்கு யூ.ஜி., தேசிய பேரணியோடு கூட்டு வைத்த எரிக் சியொத்தி பக்கம் போனவர்களுக்கு யூ.எக்ஸ்.டி., போகாதவர்களுக்கு எல்.ஆர். இந்தக் குறிகள் வேட்பாளர் தாமே கேட்டவை அல்ல, நிர்வாகம் ஒட்டியவை. அழிக்காமல் அப்படியே வைக்க வேண்டும். சிராக்கின் வலதுசாரிக் கட்சியான ஆர்.பி.ஆர்., 2002-க்குப் பின் யூ.எம்.பி., 2015-க்குப் பின் எல்.ஆர். எல்லாம் குடும்பப் பத்தியில் ஒன்றாகும்.

இப்போது தொகுதி அளவு முழுவதும் கூட்டல் சோதனையில் தேறிவிட்டது. ஊர் அளவில் பழைய தேர்தல்களுக்குத் த்யூலில் உள்ள மாவட்ட ஆவணக் காப்பகத்தின் காகிதங்கள்தான் கதி. அதுவரை அந்தக் கட்டங்கள் காலி. 0 போட்டால் ‘ஒரு ஓட்டும் விழவில்லை’ என்று நிரல் எடுத்துக்கொள்ளும்.