களைப்பைக் குற்றமாக்கிய இடத்தில் வேலை பார்த்தது

ஒரு மத அமைப்பில் பல வருடங்கள் சம்பளம் வாங்காமல் வேலை பார்த்தேன். தொண்டர்களுக்கு வேலைப் பட்டியல் போடுவது என் பொறுப்பு. யார் எந்த வாரம் சமையலுக்கு, யார் மைக் செட்டுக்கு, யார் கட்டட வேலைக்கு, யார் புத்தகம் கட்டி அனுப்புவதற்கு என்று எல்லாமே அந்தத் தாளில்தான் ஓடும். அந்த அமைப்பு எதன் பலத்தில் நிற்கிறது, எதனால் உள்ளுக்குள் இற்றுப்போகிறது என்பது மேடையில் பேசியதைக் கேட்டதைவிட அந்தத் தாளைப் பார்த்துத்தான் எனக்குப் புரிந்தது.

தொண்டு செய்கிறவர்களை நான் குறைத்துப் பேசவில்லை. மனசார வந்து செய்கிறவர்களைப் போல நல்ல வேலைக்காரர்களை அதற்கப்புறம் சம்பளம் கொடுக்கும் இடங்களில்கூட நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் மாட்டேன் என்று சொல்ல வழி இருந்தால்தான் அது தொண்டு. எங்கள் இடத்தில் தங்குவதற்கு இடம், பழகுவதற்கு ஆட்கள், பிள்ளைகளுக்கு நல்ல பெயர், கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பார்த்துக் கொடுப்பது வரை எல்லாம் ஒரே சில பேரின் கையில் இருந்தது. வேலைக்கு வரச் சொல்வதும் அதே ஆட்கள்தான். அவர்களிடம் யார் மாட்டேன் என்று சொல்வார்கள்?

காசு கொடுக்காத உழைப்பை யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஒரு டின் பெயின்ட் வாங்கினால் ரசீதில் மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், ஆனால் ஒரு கூட்டம் ஆட்களின் சனி ஞாயிறு மொத்தத்தையும் எடுத்துக்கொள்ள பொறுப்பாளரின் ஒரு போன் போதும். ஒருமுறை கூடத்தின் நிறம் தலைமையில் ஒருவருக்குப் பிடிக்கவில்லை என்று அடித்து முடித்த சுவரைத் தேய்த்துவிட்டு மறுபடியும் அடித்தோம். பெயின்ட் வீணானதற்கு விளக்கம் கேட்டு எழுதினார்கள். அத்தனை பேரின் நாட்கள் வீணானதைப் பற்றி ஒரு வரி வரவில்லை. வேலையைச் சீக்கிரம் முடிக்க ஒரு நல்ல யோசனை சொன்னால்கூட யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் மிச்சமாகப்போகும் நேரத்துக்கு அங்கே விலையே இல்லை.

எங்களிடம் ஒரு எலக்ட்ரீஷியன் அண்ணன் இருந்தார். கூடங்கள் அத்தனைக்கும் வயரிங் அவர் கைவேலைதான். பகலில் தன் பிழைப்புக்கு வேலை, ராத்திரியில் எங்களுக்கு. அவர் மனைவிக்கு ஆபரேஷன் என்று ஒரு மாதம் விடுப்புக் கேட்டார். "கடவுள் வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வீட்டு வேலை பார்த்தால் வீடு உருப்படுமா?" என்று பொறுப்பாளர் கேட்டார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, அடுத்த கூட்டத்தில் மேடையிலிருந்து "ஆர்வம் குறைந்துபோன சிலர்" என்று பேசினார். பெயர் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை, எல்லார் பார்வையும் அவர் உட்கார்ந்திருந்த வரிசைப் பக்கம்தான் போனது. அண்ணன் அதற்கப்புறமும் கொஞ்ச நாள் வந்தார், யாரிடமும் பேசாமல் வேலையைச் செய்தார், பிறகு வரவில்லை. வயரிங் வேலைக்கு மட்டுமா? வழிபாட்டுக்கும் வரவில்லை. மனைவி வரவில்லை, பிள்ளைகளும் வரவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பெரிய கூட்டத்தின் நடுவில் மேடையில் கரண்ட் போனது. போர்டைத் திறந்தால் ஒவ்வொரு சுவிட்சுக்கும் பக்கத்தில் அவர் பென்சிலால் எழுதிவைத்த சுருக்கெழுத்து, அவருக்கு மட்டும்தான் புரியும். எது எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கி ஏற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் வெளியாள் ஒருவரை அழைத்துக் கூலி கொடுத்து முடித்தார்கள். அந்த ஒரு மாதத்தைக் கொடுத்திருந்தால் அந்தக் குடும்பம் போயிருக்காது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

இந்த மாதிரி அமைப்புகள் தம் கையாலேயே தம்மைக் கெடுத்துக்கொள்வது இந்த இடத்தில்தான். களைப்பு உடம்பு சம்பந்தப்பட்டது, ஓய்வு கொடுத்தால் தீரும். ஆனால் எல்லாவற்றையும் கட்டுப்படுத்த நினைக்கும் தலைமையால் களைப்பைக் களைப்பு என்று ஒப்புக்கொள்ள முடியாது. ஒப்புக்கொண்டால் மனிதனுக்கு ஒரு எல்லை உண்டு, அதைத் தாண்டிக் கேட்டால் அவன் மறுக்கலாம் என்றாகிவிடும், இன்றைக்கு வேலையை மறுத்தவன் நாளைக்கு யாரோடு பேசுவது, என்ன படிப்பது என்பதிலும் மறுப்பான் என்ற பயம். அதனால் களைப்புக்கு நம்பிக்கைக் குறைவு என்று பெயர் வைத்துவிடுகிறார்கள். அப்புறம் களைத்தவனுக்கு இரண்டே வழி, பொய் சொல்வது அல்லது மொத்தமாகக் கிளம்பிவிடுவது. என் பட்டியலில் இரண்டுமே தெரிந்தது. "உடம்பு சரியில்லை" என்ற குறிப்புகள் கூடிக்கொண்டே போயின, பெயர் இருக்கும் ஆள் வரமாட்டார், வந்தவர் செய்யாத வேலையைச் செய்ததாக எழுதிக் கொடுப்பார். மேலே போன அறிக்கையில் மட்டும் எல்லாம் நன்றாக நடந்தது.

முதலில் போகிறவர்கள் கையில் தொழில் உள்ளவர்கள். வெளியே பிழைத்துக்கொள்ளலாம் என்ற தைரியம் அவர்களுக்குத்தான் இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. கூட்டத்தில் உட்கார்ந்து கேட்கிறவருக்கு மேடை மட்டும்தான் தெரியும், வேலை செய்கிறவருக்குப் பின்கட்டு தெரியும். எந்தச் செலவு கேள்வி கேட்காமல் போகிறது, யாருக்கு ஏசி அறை, யாருக்குப் பாய் என்பதெல்லாம் அவர் பார்த்தது. அப்படிப் பார்த்தவரை மிதித்து வெளியே அனுப்பினால் அவர் பேசாமல் இருப்பாரா?

இப்படிப்பட்ட உழைப்பு நீதிமன்றங்கள் வரைக்கும் போயிருக்கிறது. அமெரிக்காவில் டோனி - சூசன் அலாமோ அறக்கட்டளை என்ற மத அமைப்பு பெட்ரோல் பங்க், துணிக்கடை, பன்றிப் பண்ணை என்று பல தொழில்களைத் தன் உறுப்பினர்களை வைத்தே நடத்தியது. சாப்பாடு, துணி, தங்குமிடம் உண்டு, சம்பளம் கிடையாது. நாங்கள் தொண்டர்கள், கூலி என்ற நினைப்பே எங்களுக்கு வேதனை என்று அந்த உறுப்பினர்களே சாட்சி சொன்னார்கள். ஆனாலும் 1985-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர்களைத் தொழிலாளர்கள் என்றது. விரும்பித்தான் செய்தேன் என்று சாட்சி சொன்னால் போதும், சட்டம் விலகிக்கொள்ளும் என்று வைத்தால், மேல்கையில் இருக்கும் முதலாளி தன் பலத்தைக் காட்டி அந்தச் சாட்சியையே வாங்கிவிடலாம் என்பது நீதிபதிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. அதை முதலில் படித்தபோது எங்கள் கூடத்தில் வேலைக்கு வருகிறோம் என்று கைதூக்கியவர்கள் அத்தனை பேரின் முகமும் எனக்கு நினைவுக்கு வந்தது.

நியூசிலாந்தின் குளோரியவேல் என்ற கிறிஸ்தவச் சமூகத்தில் வெளியேறியவர்களே வழக்குப் போட்டார்கள். அங்கே சிறுவயதிலிருந்தே வேலை செய்த ஆண்கள் சிலரை 2022-இலும், சமையல், துவைத்தல், சுத்தம் செய்தல் என்று நாள் முழுக்க உழைத்த பெண்கள் ஆறு பேரை 2023-இலும் வேலைவாய்ப்பு நீதிமன்றம் ஊழியர்கள் என்று அறிவித்தது. எல்லா வழக்கும் இப்படி முடிவதில்லை. சயின்டாலஜி என்ற மத அமைப்பின் முழுநேரத் தொண்டர் பிரிவான சீ ஆர்க்கில் சேருகிறவர்கள் நூறு கோடி வருடத்துக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவார்கள். அங்கிருந்து வெளியேறிய மார்க் ஹெட்லி, கிளேர் ஹெட்லி தம்பதியின் கட்டாய உழைப்பு வழக்கு 2012-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது, வெளியேற அவர்களுக்கு வாய்ப்புகள் இருந்தன என்றது நீதிமன்றம். ஆனால் உள்ளே எத்தனை மணி நேரம் வேலை, கையில் எவ்வளவு கிடைத்தது என்பதெல்லாம் வழக்கு ஆவணங்களில் ஏறி எல்லாரும் படிக்கும்படி ஆகிவிட்டது.

இப்போது அப்படி ஓர் இடத்தில் இருக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. வெளியே வந்து வேலை தேடும்போது உங்களிடம் அனுபவச் சான்றிதழ் இருக்காது. நூற்றுக்கணக்கானவர்களுக்குச் சமையலறை நடத்திய அக்கா ஒருவர் நேர்காணலில் "வீட்டில் இருந்தேன்" என்று சொன்னதாகச் சொன்னபோது எனக்கு மனசே ஆறவில்லை. அதனால் இன்றிலிருந்தே ஒரு நோட்டுப் போடுங்கள். என்ன வேலை, எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம், உடன் யார் என்று எழுதிவையுங்கள், அந்த நோட்டை அங்கே வைக்காதீர்கள். உங்களுக்கு முன்னால் வெளியேறியவர்களில் ஒருவரைக் கேட்டால் உங்கள் வேலையைப் பற்றி எழுதிக் கொடுப்பார். அந்த அக்காவுக்கு நான் எழுதிக் கொடுத்தேன், இப்போது ஒரு விடுதியில் சமையலறைப் பொறுப்பில் இருக்கிறார், வாரம் ஒரு நாள் விடுமுறை.