பர்மாத் தேக்கும் மூன்றணா அஞ்சல்தலையும்

செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கானாடுகாத்தான் அரண்மனையின் முகப்பைப் படமெடுத்துக்கொண்டு, ஆத்தங்குடியில் தளக்கல் வார்ப்பதைச் சற்று நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, மதியச் சாப்பாட்டோடு ஊர் திரும்பிவிடுகிறார்கள். உடன் வரும் வழிகாட்டியும் பர்மாத் தேக்கு, இத்தாலியப் பளிங்கு, பெல்ஜியம் கண்ணாடி என்று மனப்பாடமாக ஒப்பித்து முடித்துக்கொள்கிறார். அந்தத் தேக்கு எந்தப் பணத்தில் வந்தது, அந்தப் பணம் பின்னர் எங்கே போய் நின்றது என்பதைப் பற்றி வீட்டுச் சுவர்கள் அதிகம் சொல்வதில்லை. எனக்கு அதைச் சொன்னவை, அந்த வீடுகளுக்கு வந்து சேர்ந்த கடித உறைகளும் அவற்றில் ஒட்டியிருந்த அஞ்சல்தலைகளுமே.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வரிசையாக இருக்கும் பழம்பொருள் கடைகளில், எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் பீங்கான் சாடிகளுக்கும் அடியில், சணலால் கட்டிய கடிதக் கட்டுகள் சில சமயம் கிடைக்கும். அப்படிக் கிடைத்த ஓர் உறையில் பர்மாவின் மூன்றணா அஞ்சல்தலை ஒட்டியிருந்தது. மங்கிய ஊதா நிறம். ஆறாம் ஜார்ஜ் மன்னரின் உருவத்துக்கு அருகே தேக்குமரக் கட்டையோடு மல்லுக்கட்டும் யானை. ஓரத்தில் பாதி அழிந்த ரங்கூன் முத்திரை. முகவரியில் ஊர்ப் பெயருக்கு மேலே, நகரத்தார் (செட்டிநாட்டுச் செட்டியார்கள்) வழக்கப்படி, மூன்று தலைமுறையின் முதலெழுத்துகள். கடைக்காரர் கத்தரிக்கோலை எடுத்து, "அண்ணே, தலையை மட்டும் வெட்டித் தரவா?" என்று கேட்டபோது நான் பதறிப்போனேன். உறையோடு இருந்தால்தான் அது செட்டிநாட்டுக்குரியது. வெட்டிவிட்டால் உலகில் எங்கும் கிடைக்கும் சாதாரணத் தலை.

1938 முதல் பர்மா வெளியிட்ட அந்த வரிசையில் தேக்குக்கு மூன்றணா, நெல் வயலுக்கு மூன்றரையணா, ஐராவதி ஆற்றுக்கு எட்டணா. செட்டிநாட்டாரின் பர்மா வாழ்க்கை முழுவதையும் இந்த மூன்று படங்களுக்குள் அடக்கிவிடலாம். ஐராவதியின் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த பர்மிய விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தவை ரங்கூன் முகல் தெருவைத் தலைமையாகக் கொண்ட நகரத்தார் கடைகள். 1930-களின் பெருமந்தத்தில் நெல்விலை விழுந்து, கடனைத் திருப்ப முடியாதவர்களின் நிலங்கள் வட்டிக்கடைகளின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்பங்கு நிலம் அவர்கள் பெயருக்கு மாறியது. ரொக்கமாக வரவேண்டியது நிலமாக வந்து சிக்கிக்கொண்டதை இங்குள்ள குடும்பங்கள் நஷ்டமாகவே நினைவுகூர்கின்றன; நிலத்தை இழந்த பர்மியர்கள் அதை வேறுவிதமாக நினைவில் வைத்திருப்பது இயல்பு. இரண்டையும் சேர்த்துப் பேசும் வழிகாட்டியை நான் இன்னும் சந்திக்கவில்லை.

விசித்திரமான தலைகளைத் தேடுவோருக்கு இந்தக் கதையின் பிற்பகுதிதான் பெரிய வேட்டைக்களம். 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டபோது, புதுத் தலைகள் தயாராகும் வரை, இந்தியத் தலைகளின் மீதே பர்மா என்ற சொல்லை ஆங்கிலத்தில் அச்சடித்துப் புழக்கத்தில் விட்டார்கள். 1942-இல் ஜப்பானியர் வந்தபின், கழிமுகத்து ஊர்கள் சிலவற்றில், கையிருப்பிலிருந்த தலைகளின் மீது மயில் உருவத்தைக் குத்தி, மன்னரின் முகத்தை மறைத்தார்கள். போர் முடிந்து ஆங்கிலேயர் திரும்பியதும், 1945-இல், இராணுவ நிர்வாகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் மேலச்சாக, அதாவது ஏற்கெனவே அச்சான தலையின் மீது அடித்த எழுத்தாக, ஏறியது. 1947-இல் இடைக்கால அரசின் பெயர் பர்மிய எழுத்தில் ஏறியது. பத்தே ஆண்டுகளில் ஆட்சி இத்தனை முறை கைமாறியதற்கு, இந்தச் சின்னஞ்சிறு தாள்கள் சாட்சி.

மயில் தலைகளில் போலிகள் ஏராளம் என்பதைப் புதியவர்கள் அறிந்திருக்க வேண்டும். அந்த மயில், தலையின் மேல் குத்தப்பட்ட வெறும் முத்திரைதான் என்பதால், அசல் பழைய தலை கையில் இருந்தால் எவரும் மயிலைச் சேர்த்துவிடலாம். குறிப்பாக, மயில் தலை ஒட்டி அக்காலத்தில் தேவகோட்டைக்கோ பள்ளத்தூருக்கோ வந்த கடிதம் என்று யாராவது ஓர் உறையை நீட்டினால், தயங்காமல் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடலாம். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் பர்மாவுக்கும் இந்தியாவுக்கும் இடையே சாதாரண அஞ்சல் அறவே நின்றுபோயிருந்தது. கடிதம் வராத அந்த ஆண்டுகளில், நடந்தே அசாம் வழியாக ஊர் திரும்பியவர்கள் கொண்டுவந்த செய்திதான் செய்தி.

நம் அஞ்சல்துறையும் இந்த மண்ணை மறக்கவில்லை. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாருக்கு 1980-இலும், ஏ.வி. மெய்யப்பனுக்கு 2006-இலும், அழகப்பச் செட்டியாருக்கு 2007-இலும் தலைகள் வெளிவந்தன. தொகுப்பு முழுமை பெற அவற்றை வாங்கி வைத்திருக்கிறேன். வேறு சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை.

கடிதக் கட்டு வாங்குவோர் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். உள்ளே சீர்க்கணக்கு இருக்கும், பங்காளித் தகராறு இருக்கும், பெயரோடு நோய் விவரமும் இருக்கும். நான் உறையை வைத்துக்கொண்டு, வீடு அடையாளம் தெரிந்தால் கடிதத்தை உரியவர்களிடமே சேர்த்துவிடுகிறேன், படமெடுத்துப் போடுவதில்லை. நகரத்தார் கடை வைத்திருந்த இன்னொரு ஊரான சைகோனின் முத்திரையோடு இந்தோசீனத் தலை ஒட்டிய உறை இதுவரை நல்ல நிலையில் என் கைக்கு வரவில்லை. வாசிப்பவர்களில் எவர் வீட்டுப் பெட்டகத்திலாவது அப்படி ஒன்று இருந்தால், விலைக்குத் தரவேண்டாம். ஒரு மணி நேரம் பூதக்கண்ணாடியோடு பார்க்க அனுமதித்தால் போதும்.