காலண்டர் தாளும் பம்பரமும்

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டின் முகப்புத் திண்ணையில் வாரத்துக்கு மூன்று மாலை ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு தொடங்கியது. வருகிறவர்கள் எல்லோரும் வெளிநாட்டு விருந்தினரோடு பேசியாக வேண்டியவர்கள்: விடுதியாக மாறிவிட்ட வீடுகளில் பரிமாறுகிறவர்கள், கார் ஓட்டுநர்கள், ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் இருவர், காரைக்குடியில் கண்டாங்கிச் சேலைக் கடையில் நிற்கும் ஒரு பெண். தேர்வு இல்லை, மதிப்பெண் இல்லை. பிடிக்கவில்லை என்றால் மறுநாள் வர மாட்டார்கள், அவ்வளவுதான். பள்ளியில் முப்பது ஆண்டுகள் என்னிடம் மாட்டிக்கொண்ட பிள்ளைகளுக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஆசிரியர் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, ஆங்கிலத்துக்கு எழுத்து 26, ஒலி 44 என்பது. ஒவ்வோர் ஒலிக்கும் ஒரு குறி உண்டு. டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியின் பிற்காலப் பதிப்பு ஒன்றைப் பழைய புத்தகக் கடையில் வாங்கி, அந்தக் குறிகளையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். பிள்ளைகள் கோலம் போடுவதுபோல அழகாகப் பார்த்து வரைந்தார்கள். வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை. போதாததற்கு, ஒருமுறை பார்வையிட வந்த அதிகாரி ஒருவர், ஆங்கில வகுப்பில் தமிழ்ச் சொல் காதில் விழக் கூடாது என்று கட்டளையிட்டுவிட்டுப் போனார். பல ஆண்டுகள் அதைப் பின்பற்றினேன். இன்று யோசித்தால், நீந்தத் தெரிந்தவனைக் கையைக் கட்டி ஊருணியில் இறக்கியதுபோல இருக்கிறது.

திண்ணை வகுப்புக்கு முதல் பாடத்தைக் கொடுத்தவர் ஒரு விடுதிப் பணியாளர். காலை உணவில் மிஞ்சிய வெள்ளைப் பணியாரத்தைக் கட்டிக் கொடுக்கலாமே என்று, தட்டைக் காட்டி ஒரு வயதான அம்மையாரிடம் 'பேக்?' என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மையார் நெகிழ்ந்துபோய், தன் முதுகுவலி இப்போது எவ்வளவோ தேவலை என்று விளக்கத் தொடங்கிவிட்டார். பொட்டலம் கட்டுவதும் முதுகும் தமிழில் எழுதினால் ஒரே 'பேக்'தான். பூங்காவும் நாய் குரைப்பதும் ஒரே 'பார்க்'. இந்தக் கட்டுரையை எழுதும்போதே அந்தச் சங்கடம் என் பேனாவில் நிற்கிறது.

குறை எங்கே என்றால், ஆங்கிலேயர் சொல்லின் முதலில் வரும் வல்லின ப-வை ஒரு மூச்சுக் காற்றோடு வெளியே தள்ளுகிறார்கள். நாம் 'பல்' என்று சொல்லும்போது காற்று வருவதில்லை. காற்று இல்லாத ப அவர்கள் காதில் மெலிந்த ப-வாக விழுகிறது. இதை வாயால் விளக்கினால் யாருக்கும் புரியாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் ஒன்றை மடித்து வாய்க்கு நான்கு விரல் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். பொட்டலச் சொல்லுக்குத் தாள் அசைய வேண்டும், முதுகுக்கு அசையக் கூடாது. அந்தப் பணியாளர் பத்துப் பதினைந்து முறை முயன்றார். தாள் அப்படியே நின்றது. பிறகு ஒருமுறை கோபத்தில் சொன்னார், தாள் படபடத்தது. அந்தக் கோபத்தை மட்டும் கழித்துவிட்டு அதே மூச்சை வைத்துக்கொள்ளச் சொன்னேன். அடுத்த வாரம் மாவு ஆட்டிக்கொண்டே தாளைப் பிடித்துப் பழகியதாகச் சொன்னார்.

மெலிந்த ஒலிக்குப் பம்பரம். இந்தச் சொல்லில் இரண்டு ப இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னால் முதல் ப-வில் தொண்டை சும்மா இருக்கிறது, ம்-இல் தொடங்கிய அதிர்வு இரண்டாவது ப-விலும் தொடர்கிறது. எந்தத் தமிழ்ப் பிள்ளையும் இதில் தவறுவதில்லை. மெல்லினத்தின் பின்னால் வல்லினம் மெலியும் என்பது படிக்காமலே நாக்குக்குத் தெரியும். ஆங்கிலத்தில் செய்ய வேண்டியது, உள்ளே இருக்கும் அந்த இரண்டாவது ப-வைக் கழற்றிச் சொல்லின் வாசலில் வைப்பதுதான். ம் சேர்த்து 'ம்பால்' என்று நான்கு முறை, பிறகு ம்-ஐ விழுங்கிவிட்டுப் பந்தைச் சொல். இதே வேலையைத் தந்தம் த-வுக்கும் தங்கம் க-வுக்கும் செய்கின்றன.

ட-வுக்கு இவ்வளவு நேரம் செலவழிப்பதில்லை. நாம் நாக்கை மடித்து மேலண்ணத்தில் அடிக்கிறோம். அவர்கள் மடிக்காமல், மேல்வரிசைப் பல்லுக்குச் சற்றுப் பின்னால் நுனியை வைத்து எடுக்கிறார்கள். 'வெற்றி'யைப் பாதியில் நிறுத்தி 'வெற்' என்று நின்றால் நாக்கு இருக்குமே, ஏறத்தாழ அந்த இடம். ற, ன இரண்டும் நுனிநாக்கு அண்ணத்தை ஒற்றப் பிறக்கும் என்று தொல்காப்பியம் சொல்கிறது. ஈழத் தமிழர் கனடா நகரத்தை 'ரொறன்ரோ' என்று எழுதுவதைப் பார்த்து நம்மில் சிலர் சிரிக்கிறார்கள். அவர்கள் காது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. ஆனால் மடித்த ட-வால் யாருக்கும் பொருள் மாறிப்போவதில்லை. வேண்டுமென்று கேட்பவருக்கு மட்டும் சொல்லித் தருகிறேன்.

அழுத்தம் தவறினால்தான் உண்மையில் புரியாமல் போகிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. ஓர் ஓட்டுநர் விருந்தினரிடம் 'ஆண்டிக் கடை' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் பழனியை நினைத்திருப்பார். அழுத்தம் பின்னால் விழ வேண்டும்: ஆன்-டீக். ஹோட்டலும் அப்படித்தான், 'டெல்'லில் உதைக்க வேண்டும். உதைபடாத உயிர் இளைத்துவிடும். இதற்கு ஐகாரக்குறுக்கத்தை நினைவூட்டுகிறேன். 'தலைவன்' என்னும்போது நடுவே உள்ள ஐ தன் இரண்டு மாத்திரையைப் பெறுவதில்லை அல்லவா? அதுபோல வாழைப்பழத்தின் ஆங்கிலப் பெயரில் நடு ஆ-வுக்கு மட்டுமே முழுக்கூலி, முன்னும் பின்னும் இருப்பவை அரைக்கூலிக்காரர்கள். கூலிக் கணக்கு சொன்ன அன்று எல்லோரும் சரியாகச் சொன்னார்கள்.

இலக்கணத்தில் நான் மிகவும் ரசிக்கும் இடம் 'ஒரு', 'ஓர்'. உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு. ஆங்கிலத்தின் 'எ', 'ஆன்' அதே கணக்கு. பல்கலைக்கழகத்துக்கு 'ஆன்' போட்டு எழுதியவரிடம் அந்த ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதச் சொன்னேன். 'யுனிவர்சிட்டி' என்று எழுதினார். யு உயிரா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்தவர், 'உயிர்மெய் ஐயா' என்று தானே அடித்துத் திருத்தினார். மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லைத் தமிழில் எழுதினால் 'அவர்', தொடக்கத்திலேயே உயிர், ஆகவே 'ஆன்'. ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளை ஏமாற்றும். இந்த விஷயத்தில் தமிழ் எழுத்து ஏமாற்றுவதில்லை.

'வந்தார்' என்பதற்கும் 'வந்திருக்கிறார்' என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அந்த வீட்டு ஆச்சிதான் ஒரு நாள் உள்ளேயிருந்து குரல் கொடுத்துச் சொன்னார். "அப்பச்சி பினாங்கிலிருந்து வந்தார் என்றால் அது பழைய கதை. வந்திருக்கிறார் என்றால் உள்ளே உட்கார்ந்திருக்கிறார், சத்தம் போடாதே என்று பொருள்." ஆங்கிலத்தில் 'வந்திருக்கிறார்' போன்ற அந்த வினைக்காலத்துக்கு இருபது ஆண்டுகள் நான் எழுதிப்போட்ட வரையறைகளை ஒரே மூச்சில் ஆச்சி தள்ளுபடி செய்துவிட்டார். மரியாதைதான் இன்னும் தொல்லை. தாத்தாவை ஒருமையில் சொல்ல மனம் வராமல் 'அவர்கள்' என்று பன்மையில் சொல்லிவிடுகிறார்கள். எத்தனை தாத்தாக்கள் என்று விருந்தினர் குழம்புகிறார். இதை நான் வலிந்து திருத்துவதில்லை, மெதுவாக விட்டுப் பிடிக்கிறேன்.

ஆத்தங்குடிக்காரர்கள் இருவருக்கும் யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பக்க ஆங்கிலம் மனப்பாடம். எல்லாம் செயப்பாட்டு வினை: வண்ணம் ஊற்றப்படுகிறது, கல் நீரில் இடப்படுகிறது. நடுவில் யாராவது கேள்வி கேட்டால் மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, தமிழில் சொல்லுங்கள் என்றேன். "கண்ணாடி மேல் அச்சை வைப்போம், வண்ணச் சிமெண்டை ஊற்றுவோம், அச்சை எடுப்போம், மேலே மணலும் சிமெண்டும் போடுவோம், அப்புறம் தண்ணீரில் ஊற வைப்போம். சூளையில் சுடுவதில்லை, பளபளப்பு கண்ணாடியால் வருவது." ஒவ்வொன்றுக்கும் 'வீ' போட்டு வினையை அடுத்து வையுங்கள், பொருள் அதற்குப் பின்னால் வரட்டும் என்றேன். அரை மணியில் முடிந்தது. கையால் செய்கிறவன் 'செய்யப்படுகிறது' என்று ஏன் சொல்ல வேண்டும்?

போன மாதம் ஒரு மாலை, நான் உற்சாகமாக ஏதோ விளக்கிக்கொண்டிருந்தேன். பணியாரப் பணியாளர் சத்தமில்லாமல் எழுந்து வந்து காலண்டர் தாளை என் வாய்க்கு முன்னால் பிடித்தார். 'பேப்பர்', 'பென்சில்', 'பீப்பிள்' என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். திண்ணையில் எல்லோரும் தாளையே பார்த்தார்கள்.

"ஐயா, அசையவில்லை" என்றார்.